ரெண்டாவது விமானமும் ஸ்பிட்ஃபயர் ஆசையும்

ட்ரெயினரை நாலு தடவை உடையாம இறக்கிட்டா போதும், நமக்குக் கொம்பு முளைச்சிடும். அடுத்து நேரா ஸ்பிட்ஃபயர்தான்! நானும் அப்படித்தான் வாங்கினேன் மக்களே. ரெண்டு மாசம் சேர்த்த காசு. முதல் நாளே, இறக்கத் திருப்பினப்போ உயரம் குறையுதேன்னு எலிவேட்டரை இழுத்தேன். ஒரு பக்க ரெக்கை சட்டுனு சாய்ஞ்சு, மூக்கு மண்ணுக்குள்ள!

தப்பு என் மேலதான். ட்ரெயினருக்கு ரெக்கை உடம்புக்கு மேல இருக்கும், நுனி லேசா மேல்நோக்கி இருக்கும். குச்சியை விட்டா அதுவே நிமிர்ந்துக்கும். நான் ஓட்டினதா நெனச்சதுல பாதி அது ஓட்டினது :-) போர் விமான மாடல்ல ரெக்கை நுனிக்குப் போகப் போக ஒடுங்கும், எடையும் அதிகம். வேகம் குறைஞ்சா அந்த நுனிதான் காலை வாரும்.

அதனால என் கட்சி இதுதான்: ரெண்டாவதா, ஏலரானோட நாலு சேனல், ரெக்கை கீழே இருக்கிற சாதா ஸ்போர்ட் விமானம். ரெக்கை தடிமனா, கடைசி வரை ஒரே அகலமா இருக்கணும். தானா நிமிராது, ஆனா திடீர்னு கவுக்காது.

"இப்பதான் கைரோ இருக்கே"ம்பீங்க. கைரோ ரெக்கையைச் சமமா வைக்கும், போன வேகத்தைத் திருப்பித் தராது.

ஸ்பிட்ஃபயரை மூணாவதா வாங்கிக்கலாம். எங்க மைதானத்துல அவசரப்பட்ட ரெண்டு பேர் இப்ப வர்றதே இல்லை. உடைஞ்ச ஃபோமை ஒட்டிடலாம். அவங்களைத்தான் திரும்பக் கூட்டிட்டு வர முடியலை.