முதல் கெடாமல் ஒரு வேட்டி

உலகத்தின் முதல் ட்ரான்ஸ்ஃபர் ஆர்டர் யாருக்குப் போனது தெரியுமோ? அகத்தியருக்கு!

கயிலாயத்தில் சிவன், பார்வதி கல்யாணம். முப்பத்து முக்கோடி பேரும் அங்கே போய்க் குவிய, வடக்கு தாழ்ந்து தெற்கு உயர்ந்துவிட்டது. 'குறுமுனியே, நீர் தெற்கே கிளம்பும். நீர் ஒருத்தர் போனால் போதும், பேலன்ஸ் ஆகிவிடும்' என்று உத்தரவு. கல்யாணச் சாப்பாடுகூட இல்லாமல் பொதிகை மலைக்கு வந்து சேர்ந்தார். ஒரே ஆறுதல், அந்தக் கல்யாணக் கோலத்தை அவருக்குப் பாபநாசத்தில் காட்டினார்களாம். நமக்கு டி.ஏ. பில்லே ஆறு மாசம் கழித்துத்தான் பாஸாகிறது.

இந்தக் கதையை ஆபீஸில் சொன்னது என் தப்பு. பக்கத்து சீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார்.

"பாபநாசமா? எனக்கும் அங்கே ஒரு வேலை இருக்கு சார்."

வேலை இதுதான். மூன்று தடவை ப்ரமோஷன் லிஸ்டில் அவர் பேர் விட்டுப்போயிற்று. ஜோசியர் ஒருத்தர், 'பாபநாசத்தில் முழுக்குப் போட்டு, கட்டியிருக்கும் வேட்டியை ஆற்றோடு விட்டுட்டு வாரும். தோஷம் தொலையும்' என்று சொல்லியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் திருநெல்வேலியிலிருந்து ரயிலேறி அம்பாசமுத்திரத்தில் இறங்கினோம். அங்கே என் மாமா இருக்கிறார். ரிடையர்டு வாத்தியார். ரிடையர் ஆனது பள்ளிக்கூடத்தில்தான். பாடம் நடத்துவதில் இல்லை.

"பாபநாசம் எங்கயும் ஓடிராது மருமவனே. மொதல்ல மன்னார்கோவிலப் பாப்போம்" என்று ஆட்டோவில் ஏற்றினார்.

வயலுக்கு நடுவே ராஜகோபால சுவாமி கோயில். மூன்று அடுக்கு விமானம். மேல் தளங்களிலும் பெருமாள் இருக்கிறார். பதினோராம் நூற்றாண்டில் ராஜசிம்மன் என்ற சேர ராஜா கட்டியது. ஆனால் வைத்த பேர், 'ராஜேந்திர சோழ விண்ணகர்'. அப்போது பாண்டிய நாடே சோழர் கையில். கட்டினது ஒருத்தர், பேர் மேலதிகாரிக்கு!

"பாத்துக்கிட்டீங்களா சார்? ப்ரமோஷன் வாங்கற வழி அப்பவே இருந்திருக்கு" என்றார் சீட்டுக்காரர், ஏக்கமாக.

திரும்பும் வழியில் மாமா மேற்கே கையைக் காட்டினார். நீல நிறத்தில், மேகத்தை முண்டாசு கட்டிக்கொண்டு பொதிகை. அகத்தியர் சிகரம் 1,868 மீட்டர். உச்சிக்கு ஏறவேண்டுமானால், திருவனந்தபுரம் பக்கம் போய்க் கேரள வனத்துறையிடம் பெர்மிட் வாங்க வேண்டும். தமிழ் முனிவர்தான், ஆனால் அட்ரஸ் ப்ரூஃப் கேரளா!

அம்பாசமுத்திரத்தில் காப்பி சாப்பிடும்போது மாமா அடுத்த பாடத்தை ஆரம்பித்தார்.

"இந்த ஊருக்குப் பழைய பேரு இளங்கோக்குடி. ஒன்பதாம் நூற்றாண்டுல வரகுண பாண்டியன் இங்க உள்ள கோயிலுக்காக ஊர்ச்சபை கையில 290 காசு குடுத்தான். காசுக்கு வருஷம் ரெண்டு கலம் நெல்லு வட்டி. மொத்தம் எத்தன சார்வாள்?"

"ஐந்நூத்தி எண்பது கலம்" என்றார் சீட்டுக்காரர். கணக்கில் புலி. அதனால்தான் ப்ரமோஷன் வரவில்லை என்பது என் கட்சி.

"அந்த நெல்லுதான் பூஜைக்கு. முதல்ல கை வைக்கப்படாது. முதல் கெடாம இருக்கணும். கல்லுல வெட்டி வச்சிட்டான். இப்ப நாம பி.எஃப். லோன் போடுதோம்!"

நான் காப்பியைக் குடிப்பதுபோல் குனிந்துகொண்டேன். போன மாசம்தான் போட்டிருந்தேன்.

பாபநாசத்துக்கு வந்தோம். கோயிலுக்கு முன்னால் தாமிரபரணி. தண்ணீர் என்றால் அப்படி ஒரு தண்ணீர். ஆனால் படித்துறையை ஒட்டிப் பார்த்தால் சிவப்புச் சேலை, பச்சைச் சட்டை, லுங்கி, கிழிந்த பாவாடை. பாறை இடுக்கெல்லாம் ஊர்ப் பாவம் உலர்ந்தும் ஊறியும் கிடந்தது.

சீட்டுக்காரர் முழுக்குப் போட்டு எழுந்து, துண்டைக் கட்டிக்கொண்டு வேட்டியை உருவினார்.

"சார்வாளுக்கு வீடு எங்க?" என்றார் மாமா.

"பாளையங்கோட்டை."

"குழாய்ல வார தண்ணி எங்கருந்து வருது?"

வேட்டியோடு நின்ற கை அப்படியே நின்றது.

"இந்த ஆறு பொதிகையில பொறந்து, 125 கிலோமீட்டர் ஓடி, புன்னக்காயல்ல கடல்ல சேருது. ரெண்டு பருவமழையும் உண்டு. குறுக்க எட்டு அணைக்கட்டு. கடைசியில உள்ள ஸ்ரீவைகுண்டம் மட்டுந்தான் வெள்ளக்காரன் காலத்துல கட்டினது. மத்த ஏழும் அவனுக்கு முந்தி நம்மாளுக கட்டினது. திருநெல்வேலி, தூத்துக்குடி ரெண்டும் இதத்தான் குடிக்குது. இதுதான்யா முதலு. நெல்லும் குடிதண்ணியும் வட்டி."

சீட்டுக்காரர் சத்தமே இல்லாமல் சொன்னார். "பொண்ணு இந்த வருஷம் காலேஜ் சேரணும் சார். கிரேடு மாறினா கொஞ்சம் கூட வரும்... அதான்."

மாமாவுக்கே ஒரு நிமிஷம் பேச்சு வரவில்லை. அப்புறம் தணிந்த குரலில், "இன்னும் ரெண்டு முழுக்குப் போடுங்க. நல்லா வேண்டிக்கிடுங்க. வேட்டிய மட்டும் கொண்டு போங்க. அகஸ்தியர் குள்ளம். அவருக்கு எட்டு முழம் எதுக்கு?" என்றார்.

சீட்டுக்காரர் சிரித்தாரா, முகத்தைத் துடைத்தாரா, தெரியவில்லை. வேட்டியைப் பிழிந்து பைக்குள் வைத்துக்கொண்டார்.

அடுத்த மாசம் லிஸ்ட் வந்தது. அவர் பேர் இல்லை.

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. 'வேட்டியை விட்டிருந்தால்...' என்று அவர் மனசில் ஓடியிருக்கும். எனக்கே ஓடிற்று. மூன்றாம் நாள் லஞ்ச் நேரத்தில், வீட்டிலிருந்து கொண்டுவந்த பாட்டிலைத் திறந்து, ஒரு டம்ளர் தண்ணீரை என் மேஜையில் வைத்தார்.

"குடிங்க சார். என் பங்குக்கு முதல் கெடல."