இராமானுஜன் பட்டியலில் விடுபட்ட எண்



வீட்டில் 60 வடை சுட்டிருக்கிறீர்கள். இரண்டு பேர் வந்தாலும் சரி, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு பேர் வந்தாலும் சரி, மீதமின்றிப் பங்கிடலாம். 100 வடை சுட்டிருந்தால்? மூன்று பிள்ளைகள் வந்தாலே ஒன்று மிஞ்சும், சண்டையும் தொடங்கும்!

ஓர் எண்ணை மீதமின்றி வகுக்கும் எண்களைக் காரணிகள் என்கிறோம். 100-க்குக் காரணிகள் 9. அதைவிடச் சிறிய 60-க்கோ 12. 60-க்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் இத்தனை காரணிகள் இல்லை.

இதை எண்ணிப் பார்க்க எளிய வழி உண்டு. 60 என்பது 2×2×3×5. அதாவது 2 இரு முறை, 3 ஒரு முறை, 5 ஒரு முறை. ஒவ்வொன்றுடனும் ஒன்றைக் கூட்டிப் பெருக்குங்கள்: 3×2×2 = 12.

தனக்குக் கீழே உள்ள எல்லா எண்களையும்விட அதிகக் காரணிகள் கொண்ட இத்தகைய எண்களை ஆராய்ந்தவர் நம் கணித மேதை இராமானுஜன். சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராக இருந்தவர், 1914-இல் கேம்பிரிட்ஜ் சென்றார். 1915-இல் இந்த எண்களைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். 1916-இல் அதற்காகவே பட்டம் பெற்றார். 2, 4, 6, 12 என்று தொடங்கும் நூற்றுக்கும் மேற்பட்ட எண்களை அதில் பட்டியலிட்டார். கடைசி எண் 6,746,328,388,800. அதற்குக் காரணிகள் 10,080!

அந்தப் பட்டியலில் ஓர் எண் விடுபட்டுப் போயிற்று. அது 293,318,625,600. அதைப் பிரித்தால் 2 ஆறு முறையும், 3 நான்கு முறையும், 5, 7 இரண்டிரண்டு முறையும், 11, 13, 17, 19 ஒவ்வொரு முறையும் வரும். நம் வழிப்படி, 7×5×3×3×2×2×2×2 = 5,040 காரணிகள். வேடிக்கை என்னவென்றால், விடுபட்ட இதே எண்ணை 23-ஆல் பெருக்கினால் பட்டியலின் கடைசி எண் வந்துவிடுகிறது!

இந்தப் பெருக்கலை என் வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். ஒரு பையனுக்கு விடை தவறிவிட்டது. உடனே தாளைக் கிழிக்கப் போனான். கையைப் பிடித்து நிறுத்தி, இராமானுஜன் விட்ட எண்ணின் கதையைச் சொன்னேன். பிறகு வரிவரியாகத் தேடினான். ஓரிடத்தில் மீதி எண்ணைக் கூட்ட மறந்திருந்தான். தானே திருத்தினான். கிழித்திருந்தால் பிழை எங்கே என்று அவனுக்குத் தெரிந்தே இருக்காது.

பெற்றோர்களே, ஒரு கணக்கு தவறியதற்காக “உனக்குக் கணக்கே வராது” என்று பிள்ளையிடம் சொல்லிவிடாதீர்கள். “எந்த வரியில் தவறியது, காட்டு” என்று பக்கத்தில் உட்காருங்கள். ஓர் எண் விடுபட்டதால் இராமானுஜனின் பெருமை குறையவில்லை. பட்டியலைச் சரிபார்த்தவர்கள் அந்த எண்ணைச் சேர்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

இந்த வாரக் கணக்கு: 100-க்குள் 12 காரணிகள் கொண்ட எண்கள் மொத்தம் ஐந்து. ஒன்று 60. மற்ற நான்கையும் பிள்ளைகளோடு சேர்ந்து கண்டுபிடியுங்கள். விடை அடுத்த இதழில்.