வேலை கிடைத்துவிட்டது, வீடு கிடைக்கவில்லை

“அக்கா, வேலை கிடைச்சிடுச்சு. பதினஞ்சாம் தேதி சேரணும். எங்க தங்குறதுன்னுதான் தெரியல.”

திண்டிவனம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தங்கையின் அழைப்பு. ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கிப் படித்தவர். குடும்பத்தில் முதல் பட்டதாரி. கிண்டியில் ஓர் அலுவலகத்தில் முதல் வேலை. கல்லூரி முடிகிற ஜூன், ஜூலை மாதங்களில் இப்படிப்பட்ட அழைப்புகள் எங்களுக்கு நிறையவே வரும். நேர்முகத் தேர்வுக்குத் தயாராவது எப்படி என்று சொல்லித்தர ஊரெங்கும் ஆள் இருக்கிறது. எங்கே குடியிருப்பது என்று சொல்லித்தரத்தான் ஆள் இல்லை.

சொல்கிறவர்களும் என்ன சொல்கிறார்கள்? அலுவலகத்துக்குப் பக்கத்தில் பார், சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாடகை கொடுக்காதே, தண்ணீர் வருகிறதா என்று கேள். எல்லாம் சரிதான் தோழர்களே. ஆனால் வீட்டைத் தேர்வு செய்வது நாம்தான் என்று நம்பிக்கொண்டு சொல்லப்படும் அறிவுரைகள் இவை. நம் விஷயத்தில் முதலில் தேர்வு செய்கிறவர் வீட்டுக்காரர். அவர் தேர்வு செய்து முடித்த பிறகு மிச்சமிருப்பதில்தான் நம் தேர்வு தொடங்குகிறது.

அவர் நேரடியாக “நீ என்ன சாதி?” என்று கேட்கமாட்டார். நகரம் அவ்வளவு நாகரிகம் கற்றிருக்கிறது. “சொந்த ஊர் எது? ஊருக்குள்ளேயா, தள்ளியா? அப்பா என்ன பண்றார்? குலதெய்வம் எங்க இருக்கு? நான்வெஜ் சமைப்பீங்களா?” என்று சுற்றி வருவார். இதில் எதிலும் பிடிபடவில்லை என்றால் இருக்கவே இருக்கிறது ஆதார் அட்டை. முகவரியில் காலனித் தெரு என்றோ அம்பேத்கர் நகர் என்றோ இருந்தால் அதற்கு மேல் அவருக்குக் கேள்வியே தேவையில்லை. காலனி என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறோம். ஆனால் பெயர்ப்பலகையை மாற்றினாலும் “மெயின் ரோட்டுலேருந்து எந்தப் பக்கம்?” என்று கேட்கத் தெரிந்தவருக்கு வழி தெரியும்.

பதிலும் நேரடியாக வராது. “வீட்ல கலந்துக்கிட்டு சொல்றேன்.” “பேச்சிலர்ஸுக்குக் கொடுக்கிறதில்லை.” “தனியா இருக்கிற பொண்ணுன்னா எங்களுக்குப் பொறுப்பு அதிகம்மா.” இந்தக் காரணங்கள் எல்லாச் சாதி இளைஞர்களுக்கும் சொல்லப்படுபவைதான். அதனால்தான் இவை இவ்வளவு வசதியாக இருக்கின்றன. எது பொதுவான மறுப்பு, எது நமக்கான மறுப்பு என்று பிரித்துப் பார்க்க முடியாமல் அந்தத் தங்கை இரவெல்லாம் யோசித்துக்கொண்டிருப்பாள்: நான் ஏதாவது தப்பாகப் பேசிவிட்டேனா? உடுப்பு சரியில்லையா? சாதி தன் வேலையை முடித்துவிட்டுப் போய்விடும். குற்றவுணர்ச்சி மட்டும் நம்மிடம் தங்கிவிடும். இது நம் மனப்பிரமை என்பவர்களுக்கு ஒரு தகவல். சுகதேவ் தோரட்டும் சக ஆய்வாளர்களும் டெல்லி வட்டாரத்தில் வெவ்வேறு சாதி, மதப் பெயர்களில் வீடு கேட்டுத் தொலைபேசியிலும் நேரிலும் சோதித்துப் பார்த்து 2015இல் கட்டுரை வெளியிட்டார்கள். ஆதிக்கச் சாதிப் பெயர்களுக்குத் திறந்த கதவுகள் தலித், முஸ்லிம் பெயர்களுக்கு அதே அளவில் திறக்கவில்லை.

நம்மில் முதல் வேலைக்காகத் தனியாக ஊர் மாறிப் போனவர்களில் நாம் எல்லோரும் அறிந்த ஒருவர் இருக்கிறார். 1917இல் பாபாசாகேப் பரோடாவுக்கு வேலைக்குப் போனார். கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துத் திரும்பியவர். சமஸ்தானத்தின் உதவித்தொகையில் படித்ததால் அங்கே பணிபுரியக் கடமைப்பட்டவர். ரயிலை விட்டு இறங்கியதும் அவர் முன் நின்ற கேள்வி நம் தங்கை கேட்ட அதே கேள்விதான்: எங்கே தங்குவது? இந்து விடுதிகளில் இடம் கிடைக்காது. கடைசியில் பார்சிகளின் விடுதி ஒன்றில் பார்சிப் பெயரைப் பதிவேட்டில் எழுதித் தங்கினார். தட்டுமுட்டுச் சாமான்கள் அடைந்த மாடி, மின்விளக்கு கிடையாது, பேச்சுத் துணைக்கு ஆளில்லை. பதினோராம் நாள் காலை ஒரு டஜன் பார்சிகள் கையில் தடியோடு வந்து நின்றார்கள். மாலைக்குள் காலி செய்யச் சொன்னார்கள். நண்பர்கள் இருவரிடம் கேட்டார். இந்து நண்பர், நீங்கள் வந்தால் என் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்றார். பிராமணப் பின்னணியிலிருந்து வந்த கிறிஸ்தவ நண்பர், மனைவியைக் கேட்க வேண்டும் என்றார். ஒரு பொதுத் தோட்டத்தில் மணிக்கணக்காக உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய் திரும்பினார்.

இதைப் பாபாசாகேப்பின் மேன்மையைச் சொல்ல நாம் அடிக்கடி எடுத்துக்காட்டுகிறோம். எங்களுக்கு அதில் வேறொன்று கண்ணில் படுகிறது. அவரே பெயரை மறைத்துத்தான் தங்கினார். அப்படியிருக்க, வீடு கிடைப்பதற்காகப் பெயருக்குப் பின்னால் வேறொன்றைச் சொல்லிக்கொள்ளும் தம்பியை நாம் எந்த யோக்கியதையில் கேலி செய்கிறோம்? நம் கூட்டங்களிலேயே இந்தக் கேலியைக் கேட்டிருக்கிறோம். வெட்கமாக இருந்தது. மறைப்பது கோழைத்தனம் அல்ல. ஆனால் மறைத்து வாழ்வதற்கு ஒரு விலை இருக்கிறது. அம்மா ஊரிலிருந்து வந்தால் வீட்டுக்காரம்மாவிடம் என்ன பேசிவிடுவாரோ என்று பயம். கருவாடு வறுக்கப் பயம். அலைபேசித் திரையில் நீலநிறப் படம் வைக்கப் பயம். ஏப்ரல் 14 அன்று எங்கே போகிறாய் என்று கேட்டால் பொய். புதிய வேலையில் ஆறு மாதம் புரொபேஷன் ஓடிக்கொண்டிருக்கும்போது, வீட்டுக்குள்ளும் இன்னொரு புரொபேஷன். இரண்டையும் ஒரே உடம்பு தாங்காது. ஆகவே, மறைத்தால் மட்டுமே தங்க முடியும் என்கிற வீட்டை அலுவலகத்துக்கு எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் எடுக்காதீர்கள் என்பதே எங்கள் கருத்து.

சட்டம் என்ன செய்கிறது? அரசமைப்புச் சட்டத்தின் 15(2) கடை, உணவகம், கிணறு, குளம், சாலை என்று பட்டியலிடுகிறது. வாடகை வீடு அதில் இல்லை. பார்சிகளுக்கு மட்டுமே உறுப்பினர் உரிமை என்று அகமதாபாத்தில் ஒரு வீட்டுவசதிச் சங்கம் வைத்திருந்த விதியை 2005இல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. (பரோடா நினைவுக்கு வருகிறதா?) தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் எழுத்துபூர்வ ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்குகிறது. வேறு உடன்பாடு இல்லாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்கிறது. தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தக் கூடாது என்கிறது. சாதி பார்த்து வீடு மறுப்பதைப் பற்றி அது பேசவில்லை.

ஆனாலும் கையில் ஒன்றுமே இல்லை என்று சோர வேண்டாம். 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, எந்தப் பகுதியிலும் குடியிருப்பைப் பெறுவதையும் அதில் வசிப்பதையும் தீண்டாமையின் பேரால் தடுப்பதைக் குற்றமாக்குகிறது. ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை. அதே சட்டத்தின் 12ஆம் பிரிவு இன்னும் முக்கியமானது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்றால், செயல் தீண்டாமையின் அடிப்படையிலேயே நடந்தது என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும். இல்லை என்று நிரூபிப்பது எதிர்த்தரப்பின் வேலை. ஆகவே விளம்பரத்தைப் படம் எடுத்து வையுங்கள். முதல் நாள் “வாங்க” என்று சொல்லி, ஆதார் பார்த்தபின் “இல்லை” என்று சொன்ன வாட்ஸ்அப் செய்தியை அழிக்காதீர்கள். வழக்குப் போடுவதும் போடாததும் பிறகு முடிவு செய்துகொள்ளலாம்.

சரி, எங்கேதான் தங்குவது? முதல் இரண்டு மாதம் வீடே தேடாதீர்கள். ஆண்களுக்குத் திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் இன்னும் இருக்கின்றன. மூட்டைப்பூச்சி உண்டு, குலதெய்வக் கேள்வி கிடையாது. பெண்களுக்கு அப்படி ஓர் இடம் வரலாற்றில் உருவாகவே இல்லை என்பது தனியாக எழுத வேண்டிய அநியாயம். இப்போது அரசின் தோழி விடுதிகள் தாம்பரம், கூடுவாஞ்சேரி, அடையாறு போன்ற இடங்களில் இயங்குகின்றன. முதலில் அங்கே கேளுங்கள். தனியார் விடுதி என்றால் 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் பெற்றதா என்று கேளுங்கள். கேட்க வெட்கப்படாதீர்கள். அவர்கள் நம்மிடம் எவ்வளவு கேட்கிறார்கள்!

பிறகு வீடு. வியாசர்பாடி, புளியந்தோப்பு, பெரம்பூர் என்று வடசென்னைப் பக்கம் சொன்னால் நம் பிள்ளைகளே முகம் சுளிப்பதைப் பார்க்கிறோம். சேரியிலிருந்து தப்பித்து இன்னொரு சேரிக்கா என்று ஒரு தம்பி கேட்டான். அவன் கோபம் புரிகிறது. மயிலாப்பூரிலோ மேற்கு மாம்பலத்திலோ வாழும் உரிமை நமக்கு உண்டு, அதை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. ஆனால் அக்ரகாரத்தின் கதவைத் தட்டி உடைப்பது முதல் மாதச் சம்பளம்கூட வாங்காத இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தியின் தனிப்பொறுப்பு அல்ல. அது இயக்கத்தின் பொறுப்பு. அவளுக்கு இப்போது தேவை காய்ச்சல் வந்தால் கஞ்சி கொண்டுவரும் பக்கத்து வீடு.

இயக்கம் என்றதும் நம்மையும் கேட்டுக்கொள்கிறோம். விடுதி நாட்களில் ஒரு அறையில் எட்டுப் பேர் படுத்த நாம், சம்பளம் வந்து சொந்தமாக அறை எடுத்ததும் ஒரு பாய்க்குக்கூட இடமில்லாதவர்களாக எப்படி ஆனோம்? ஊரிலிருந்து முதல் வேலைக்கு வருகிற ஒருவரைப் பதினைந்து நாள் தங்க வைப்பது கருத்தரங்கில் கட்டுரை வாசிப்பதைவிடக் குறைந்த வேலையா? எந்தத் தெருவில் எந்த வீட்டுக்காரர் தொந்தரவில்லாதவர் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தால் போதும். நாங்கள் இந்த ஆண்டுதான் அதைத் தொடங்கினோம். இவ்வளவு தாமதமாக.

திண்டிவனத் தங்கை எங்கள் தோழி ஒருவரின் அறையில் மூன்று வாரம் இருந்தார். ஆறு வீடுகள் பார்த்தார். இரண்டில் ஆதார் அட்டையோடு பேச்சு நின்றது. ஏழாவது, பெரம்பூரில் ஒரு மாடிப் போர்ஷன். கிண்டிக்குப் போக ரயில் மாறி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது, அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். வீட்டுக்காரர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆதார் நகலை வாங்கிப் பார்க்காமலே பையில் வைத்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாராம்.

“ராத்திரி பத்து மணிக்கு மேல மோட்டார் போட மாட்டியே பாப்பா?”