பஸ்களைப் பெருக்குவதா, வழியைத் திறப்பதா?

பஸ் வசதி போதவில்லை என்ற குறை எழும்போதெல்லாம், இன்னும் சில பஸ்களை விட வேண்டும் என்பதே பொதுவாகக் கூறப்படும் பரிகாரம். ஆயினும், நெரிசல் மிகுந்த புறநகர்ச் சாலைகளில் இது மட்டும் பயன்படாது. ஓர் எளிய கணக்கு இதனை விளக்கும்.

ஒரு வழித்தடத்தில் 12 பஸ்கள் ஓடுவதாகக் கொள்வோம். போய்த் திரும்ப 120 நிமிஷம் ஆகுமாயின், நிறுத்தத்தில் 10 நிமிஷத்துக்கு ஒரு பஸ் வரும். நெரிசலால் அதே சுற்றுக்கு 180 நிமிஷம் பிடித்தால், இடைவெளி 15 நிமிஷமாகிவிடும். பழைய இடைவெளியை மீட்க இன்னும் 6 பஸ்கள் வேண்டும். அவற்றுக்கு ஓட்டுநர்களும் நடத்துநர்களும் எரிபொருளும் வேண்டும். மாறாக, தாமதத்தை நீக்கினால் ஒரு பஸ்கூட வாங்காமலே அந்த 6 பஸ்களின் பயனைப் பெறலாம்.

தீங்கு இத்துடன் நிற்பதில்லை. முன்செல்லும் பஸ் சற்றுத் தாமதித்தால், அடுத்த நிறுத்தத்தில் பிரயாணிகள் மிகுதியாகச் சேர்ந்துவிடுவர். அவர்களை ஏற்றுவதால் தாமதம் மேலும் வளரும். பின்வரும் பஸ்ஸுக்கு ஆட்கள் குறைவாதலால், அது விரைந்து வந்து முன்னதை ஒட்டிக்கொள்ளும். நியூவல், பாட்ஸ் என்ற இருவர் 1964-இல் இதனைக் கணித முறையில் ஆராய்ந்தனர். 10 நிமிஷத்துக்கு ஒன்றாக ஒழுங்காக வரும் பஸ்ஸுக்குச் சராசரியாக 5 நிமிஷம் காத்திருக்க வேண்டும். அதே பஸ்கள் இரண்டிரண்டாக 20 நிமிஷத்துக்கு ஒருமுறை வந்தால், காத்திருப்பு 10 நிமிஷமாகும். பஸ்களின் எண்ணிக்கை குறையவில்லை. சேவை மட்டும் பாதியாகிவிட்டது.

பெங்களூரில் நீலசந்திரா போன்ற பகுதிகளிலிருந்து சில்க் போர்டு சந்திப்பைக் கடந்து வெளிவட்டச் சாலைக்கு வேலைக்குச் செல்வோர் இத்துன்பத்தை நன்கறிவர். கர்நாடகத்தில் 2023 ஜூன் 11-இல் தொடங்கிய திட்டத்தின்படி பெண்கள் அரசின் சாதாரண பஸ்களில் கட்டணமின்றிச் செல்கின்றனர். இது சிறந்த உதவியே. ஆனால் கட்டணம் மிஞ்சியும் காலம் மிஞ்சாவிடில், வேலைக்குச் செல்லும் தாய்க்கு அவ்வுதவி பாதியளவே கிட்டியதாகும்.

சில்க் போர்டுக்கும் கிருஷ்ணராஜபுரத்துக்கும் இடையே வெளிவட்டச் சாலையில் 2019 அக்டோபரில் பஸ்களுக்கெனத் தனித்தடம் ஒன்று ஒதுக்கப்பட்டது. தடுப்புக் கம்பங்கள் நட்டு அதனைப் பிரித்தனர். மறு ஆண்டில் கொள்ளைநோயால் அலுவலகங்கள் மூடப்பட்டன. அதன்பின் மெட்ரோ ரயில் பாதைக்கான வேலைகள் சாலையின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டன. தனித்தடம் நிலைக்கவில்லை. அவ்வேலைகள் முடியும் இடங்களிலெல்லாம் அதனை மீண்டும் அமைக்க வேண்டும் என்பது எமது கருத்து. மெட்ரோ வந்தபின் பஸ் எதற்கு என்று கேட்பது பொருந்தாது. வீட்டிலிருந்து ரயில் நிலையம்வரை செல்லவும் பஸ் வேண்டுமன்றோ?

இதனால் மற்ற வாகனங்களுக்கு இடம் குறையும் என்ற ஆட்சேபம் எழும். டில்லியில் 2008-இல் திறந்த பஸ் தனித்தடத்தை 2016-இல் அகற்றியதற்கும் இத்தகைய எதிர்ப்பே ஒரு காரணம். ஆனால் சாலையின் பயனை வாகனங்களைக் கொண்டன்று, மனிதரைக் கொண்டே அளக்க வேண்டும். 60 பேரை ஏற்றிய ஒரு பஸ் ஏறக்குறைய மூன்று கார்களின் இடத்தையே கொள்கிறது. ஒவ்வொரு காரிலும் இருவர் வீதம் சென்றால், அவ்விடத்தில் செல்வோர் அறுவரே. எனினும் தனித்தடத்தைக் கோடு கிழித்து ஒதுக்கினால் போதாது. பிற வாகனங்கள் புகாதபடி நாள்தோறும் காவல் வேண்டும். நிறுத்தங்களைச் சந்திப்புகளிலிருந்து சற்றுத் தள்ளி அமைத்தலும் நலம்.

இவ்விஷயத்தில் ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் பெருந்துணை புரியலாம். மாணவர் சிலரைக் கொண்டு, ஒரு நிறுத்தத்தில் ஐந்து நாட்கள் காலை ஒரு மணி நேரம் பஸ்கள் வரும் நேரத்தைக் குறிக்கச் செய்யுங்கள். சராசரி இடைவெளி என்ன, மிக நீண்ட இடைவெளி என்ன என்பதை அவர்களே கணக்கிடட்டும். கணக்குப் பாடத்துக்கு அது நல்ல பயிற்சி. அந்த ஒரு தாளை விண்ணப்பத்துடன் இணைத்து அனுப்பினால், வெறும் முறையீட்டைவிட அது வலிமையுடையதாகும்.