தேயாத காலணியும் தளராத முழங்காலும்

இஸ்ராயேல் மக்கள் நாற்பது ஆண்டுகள் பாலைநிலத்தில் நடந்தார்கள். அவ்வளவு காலமும் அவர்களுடைய காலணிகள் தேய்ந்து போகவில்லை என்று இணைச்சட்ட நூலின் 29-ஆம் அதிகாரத்தில் மோசே நினைவூட்டுகிறார். பாதங்கள் வீங்கவுமில்லை என்று அதே நூலின் 8-ஆம் அதிகாரம் கூறுகிறது. காலணியையும் காலையும் ஒருங்கே காத்தது இறைவனின் தனிப் பராமரிப்பு. நமக்கு அத்தகைய புதுமை வாக்களிக்கப்படவில்லை. நம் காலணி தேயும், முழங்காலும் நோகும். இவ்விரண்டையும் பேணுவதற்கு இறைவன் நமக்கு அறிவைத் தந்திருக்கிறார்.

சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் பெருகிவிட்ட இந்நாளில், பெருந்துறையில் விடியுமுன்பே நடையும் ஓட்டமுமாகப் புறப்படுவோர் பலர். கோவை மாரத்தான் 2013-ல் தொடங்கியபின் இளைஞரிடையே ஓட்ட ஆர்வம் வளர்ந்துள்ளது. 2023 நவம்பரில் தமிழக அரசு மாவட்டந்தோறும் 8 கி.மீ. நடைபாதை வகுத்து மக்களை நடக்க அழைத்தது. இவையெல்லாம் நன்றே. ஆனால் ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து வாங்கிய காலணியை எத்தனை நாள் அணியலாம் என்ற கேள்வியில்தான் சிக்கனமுள்ள குடும்பங்கள் தடுமாறுகின்றன.

நாமும் தடுமாறியவரே. ஒரு சோடியை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அணிந்தோம். மேற்புறம் கிழியவில்லை, அடிப்புறமும் அதிகம் தேயவில்லை என்பதில் நமக்குப் பெருமையும் உண்டு. முழங்கால் வலியோடு மருத்துவரிடம் சென்றபோது, அவர் முழங்காலைத் தொடுமுன் காலணியைக் கழற்றித் தரச் சொன்னார். அதன் நடுப்பகுதியைப் பெருவிரலால் அழுத்தினார், கட்டைபோல் இருந்தது. “உங்கள் காலணி உயிரோடு இருப்பதாக நினைக்கிறீர்கள், அது இறந்து ஓராண்டு ஆயிற்று” என்றார்.

அவர் விளக்கியது இதுதான். ஓட்டக் காலணியின் உயிர் வெளியே தெரியும் அடி ரப்பரில் இல்லை. அதற்கு மேலுள்ள நுரைப் பகுதியில் இருக்கிறது. அதிர்ச்சியைத் தாங்குவது அதுவே. நாளடைவில் அந்நுரை நசுங்கி இறுகிவிடும். ஓடுவோருக்குப் பொதுவாக 500 முதல் 800 கி.மீ. வரை என்பது கணக்கு. நாள்தோறும் 5 கி.மீ. ஓடினால் 100 முதல் 160 நாட்களில் அது முடிந்துவிடும். நடப்போருக்கு இன்னும் சில மாதங்கள் உழைக்கும். வாங்கிய தேதியைக் காலணியின் நாக்கின் உட்புறம் எழுதி வைத்தால் மறவோம்.

அந்த ஆயுள் குறையாமல் காக்கச் சில வழிகள் உண்டு. நடைக்கும் ஓட்டத்திற்கும் உரிய காலணியைச் சந்தைக்கும் தோட்டத்திற்கும் அணியலாகாது. கயிற்றை அவிழ்க்காமல் குதிகாலை நசுக்கிக் கழற்றுவது கூடாது. இயலுமாயின் இரண்டு சோடிகளை மாற்றி மாற்றி அணிக. ஒன்று ஓய்வெடுத்து நன்கு உலரும். நனைந்தால் உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் உலர்த்துக. சுடு வெயிலும் சலவை இயந்திரமும் பசையையும் நுரையையும் கெடுக்கும். ஈரத்துணியும் சிறிது சோப்பும் போதும். தையல் விட்டால் தெருமுனையில் அமர்ந்திருக்கும் காலணித் தொழிலாளியிடம் கொடுங்கள்; அவருக்கும் பிழைப்பு, நமக்கும் மிச்சம். புதிதாக வாங்கும்போது பாதம் சற்று விரிந்திருக்கும் மாலை வேளையில் செல்க. நீண்ட விரலுக்கு முன் ஒரு பெருவிரல் அகல இடம் இருக்கட்டும்.

ஆயினும், முழங்கால் வலிக்குக் காலணி மட்டுமே காரணமன்று. பருத்த உடலுடைய மூட்டுத் தேய்வு நோயாளிகளை அமெரிக்காவில் ஆராய்ந்து 2005-ல் வெளியிட்டார்கள். எடை 1 கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மீதான சுமை 4 கிலோ குறைகிறதாம். தொடைத் தசை வலுப்பெற்றால் மூட்டின் பாரம் இன்னும் இலேசாகும். நாற்காலியில் அமர்ந்து ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும்வரை நிறுத்தி இறக்குக. ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை போதும். எட்டி வைக்கும் நீண்ட அடியைவிடக் குறுகிய அடி நல்லது. தார்ச்சாலையைவிட மண்பாதை மெத்தென்றிருக்கும். மூட்டு வீங்கினாலும், மடக்க இயலாமல் பூட்டிக்கொண்டாலும், நடக்கையில் நழுவினாலும், காய்ச்சலோடு சிவந்தாலும் தைலம் தேய்த்துக் காலம் கடத்தாமல் மருத்துவரை நாடுங்கள்.

வலி வந்தால் நடையையே விட்டுவிடுவதும் தவறு. 2017-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்வு அளவோடு ஓடுவோரில் 3.5 விழுக்காட்டினருக்கும், ஓடாமல் இருப்போரில் 10.2 விழுக்காட்டினருக்கும், போட்டிக்கென்றே கடுமையாக ஓடுவோரில் 13.3 விழுக்காட்டினருக்கும் காணப்பட்டது. சோம்பலும் தீது, மிகையும் தீது என்பதே இதன் பாடம். 2021-ல் தமிழக மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சரான திரு. மா. சுப்பிரமணியன், 2004-ல் விபத்தில் முழங்காலில் கடுங்காயமுற்றவர். பின்னர் அவர் பயின்று நூற்றுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான்களை ஓடினார். அதைக் கேட்டு நாளைக்கே நாம் ஓடிவிட வேண்டா. படிப்படியாகப் பயிலும் பொறுமையைக் கற்றால் போதும்.

பொருள்களைப் பயன்படுத்தி எறியும் பண்பாட்டைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ல் வெளியிட்ட சுற்றுமடலில் கண்டித்தார். உண்மையே. ஆனால் உயிர் போன காலணியை உடல் நோக அணிவது சிக்கனமாகாது. உடலும் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த பொருளன்றோ? புனித சின்னப்பரும் நம் வாழ்வை ஓட்டப் பந்தயத்திற்கே ஒப்பிட்டார்.

வரும் ஞாயிறு திருப்பலி முடிந்து வீடு திரும்பியதும், வாசலில் கழற்றி வைத்த காலணிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பாருங்கள். பிள்ளையின் காலணி புதிதாக இருக்கும். மிகத் தேய்ந்தது பெரும்பாலும் தாயுடையதாகவே இருக்கும். முழங்கால் வலியைச் சொல்லாமல் மறைப்பவரும் அவரே. அடுத்த சோடியை அவருக்கு வாங்குங்கள்.