யார் குறித்த ஆயுள்?

அனுமந்தன்பட்டியில் எங்கள் வீட்டுப் பரண் மேல் பதினான்கு அங்குல வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி ஒன்று இருக்கிறது. 2006-இல் அரசாங்கம் தொடங்கிய இலவசத் திட்டத்தில் வந்தது. அதன் படக்குழாய்க் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது; உடைத்துக் கொட்டினால் மண்ணுக்குக் கேடு. ஆகவே அது அங்கேயே இருக்கட்டும். என் வழக்கு அதன் பக்கத்தில் கிடந்த லேப்டாப்பைப் பற்றியது.

2014-இல் பிளஸ் டூ படித்த என் தங்கை மகனுக்கு அரசாங்கம் கொடுத்த லேப்டாப் அது. எதிர்வீட்டுப் பெண் பதினோராம் வகுப்பில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறாள். தாயார் திராட்சைத் தோட்டத்துக் கூலி வேலைக்குப் போகிறவர். "தாத்தா, சும்மாதானே கிடக்கு, எனக்குத் தர்றீங்களா?" என்று கேட்டாள். சரி என்று ஒரு பெரிய கடைக்கு எடுத்துப் போனேன்.

"இதுக்கு ஆயுசு முடிஞ்சு போச்சு சார். எக்ஸ்சேஞ்ச்ல போட்டுட்டுப் புதுசு எடுத்துக்குங்க, மாசத் தவணை இருக்கு" என்றார் கடைக்காரர். மூடியைக்கூடத் திறக்கவில்லை. நாடி பிடிக்காமலே மரணச் சான்றிதழ் எழுதுகிற வைத்தியரை அன்றுதான் கண்டேன்.

கம்பத்தில் சின்னக் கடை வைத்துப் பழுது பார்க்கிற ஒருவர் திறந்து பார்த்தார். விசிறியில் அடைந்திருந்த தூசியைத் தட்டினார். ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டார், ராம் ஒன்று கூட்டினார், காசு கேட்காத லினக்ஸை ஏற்றினார். புதியதன் விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. செத்தது எழுந்து உட்கார்ந்தது!

அப்படியானால் ஆயுளைக் குறித்தது யார்? 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்திக்கொண்டது. நன்றாக ஓடுகிற எத்தனையோ கணினிகள் அடுத்த பதிப்புக்குத் தகுதியற்றவை என்று தள்ளப்பட்டன. அவை தேய்ந்து சாகவில்லை ஐயா, தேதி குறித்துச் சாகடிக்கப்பட்டன. கைப்பேசியிலோ பேட்டரியைப் பசை போட்டு ஒட்டி, நம் நகம் நுழையாதபடி பார்த்துக்கொள்கிறார்கள்.

2022-இல் மட்டும் உலகம் எறிந்த மின்னணுக் குப்பை 6.2 கோடி டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது அதில் கால்வாசிகூட இல்லை. கேட்டால், 'மறுசுழற்சி' என்று மந்திரம் சொல்கிறார்கள். நம் நாட்டு விதிகளும் 2023 ஏப்ரல் முதல் உற்பத்தியாளரிடம் மறுசுழற்சிச் சான்றிதழைத்தான் முக்கியமாகக் கேட்கின்றன. வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் குடியிருக்கக்கூடிய வீட்டை இடித்துச் செங்கல் எடுப்பது எந்த ஊர்ச் சிக்கனம்? ஒரு கைப்பேசியால் காற்றில் கலக்கும் கரியில் பெரும்பகுதி அதைச் செய்யும்போதே கலந்துவிடுகிறது. இன்னும் இரண்டு வருஷம் கையில் வைத்திருந்தால் அதுவே பெரிய லாபம். பேட்டரியை உபயோகிக்கிறவரே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2027 பிப்ரவரியைக் கெடுவாக வைத்திருக்கிறது. நாமும் அதைக் கேட்டாலென்ன?

புதியது விற்றால்தானே தொழில் பெருகும் என்பார்கள். கம்பத்துக்காரர் செய்வது தொழிலில்லையா? (நானும் யோக்கியனல்ல, என் மேஜை அறையில் மூன்று பழைய கைப்பேசிகள் தூங்குகின்றன.)

எதிர்வீட்டுப் பெண் இப்போது அந்த லேப்டாப்பில்தான் புரோகிராம் எழுதுகிறாள். கரண்ட் போனால் அணைந்துவிடும் என்பதால் நாலு வரிக்கு ஒருமுறை சேமித்துக்கொள்கிறாள். கம்பத்துக்காரர் பேட்டரி தேடிக்கொண்டிருக்கிறார். அந்த மாடலுக்குப் பேட்டரி செய்வதைக் கம்பெனி எப்போதோ நிறுத்திவிட்டதாம்.