ஆலை மூடியபின் யார் பொறுப்பு?

ராணிப்பேட்டை சிப்காட்டில் இருந்த தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை 1990-களின் நடுவில் உற்பத்தியை நிறுத்தியது. தோல் பதனிடுவதற்கான குரோம் உப்பைத் தயாரித்த ஆலை அது. மூடியபோது விட்டுச்சென்றது லட்சக்கணக்கான டன் குரோமியக் கழிவு, அதுவும் திறந்தவெளியில். அதன்பிறகு பெய்த ஒவ்வொரு மழையும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து நிலத்துக்குள் இறக்கியது. ஆலை ஓடிய ஆண்டுகளைவிட மூடிக் கிடக்கும் ஆண்டுகளே இன்று அதிகம்.

குரோமியம் எல்லாம் ஒன்றல்ல. மூன்று இணைதிறன் கொண்டது எளிதில் கரையாமல் பெரும்பாலும் மண்ணிலேயே தங்கிவிடும். ஆறு இணைதிறன் கொண்டதோ கரைந்து நிலத்தடி நீரோடு நகரும், புற்றுநோய் விளைவிக்கக்கூடியது. குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. கிணற்று நீர் மஞ்சளாகத் தெரிகிறதென்றால் அந்த அளவு பல மடங்கு மீறப்பட்டாயிற்று. அதற்கு முந்தைய கட்டம்தான் என்னை அதிகம் அஞ்ச வைக்கிறது. தண்ணீர் தெளிவாக இருக்கும், குடிக்கத் தயங்க ஒரு காரணமும் இருக்காது. காய்ச்சினாலும் உலோகம் போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும்.

இதே வட்டாரத்திலிருந்து போன வழக்கில்தான், மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கோட்பாட்டை 1996-ல் உச்ச நீதிமன்றம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கு அது. திண்டுக்கல் பகுதியின் 13 கிராமங்களில் 467 கிணறுகளில் 350 தோல் ஆலைக் கழிவால் கெட்டுப்போனதாக ஓர் ஆய்வு சொன்னதும் அத்தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது. நல்ல கோட்பாடு, ஆனால் பணம் கட்ட ஆள் இருந்தால்தான் அது வேலை செய்யும். மூடிப்போன ஆலையிடம் எதை வசூலிப்பது? 2025 ஜனவரியில் வேலூர்த் தோல் தொழிற்சாலை வழக்கில் அதே நீதிமன்றம், பாதிக்கப்பட்டோருக்கு அரசு முதலில் இழப்பீடு கொடுத்துவிட்டுப் பிறகு ஆலைகளிடம் வசூலிக்கட்டும் என்றது.

இந்த வரிசை இழப்பீட்டோடு நிற்கக் கூடாது. கழிவை அகற்றவும் நிலத்தடி நீரைச் சுத்திகரிக்கவும் அரசே முதலில் செலவிட வேண்டும்; வசூல் வழக்கு பின்னால் நடக்கட்டும். வசதி உள்ளவர் கேன் தண்ணீர் வாங்கிக்கொள்வார். வயலில் கூலி வேலைக்குப் போகிறவர் பம்புசெட் தண்ணீரைத்தான் குடிப்பார்.

பரிசோதனை முடிவுகளும் கோப்புகளுக்குள் கிடக்கக் கூடாது. வங்கதேசத்தில் ஆர்சனிக் மிகுந்த குழாய்க் கிணறுகளுக்குச் சிவப்பும் மற்றவற்றுக்குப் பச்சையும் பூசினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அது புரிந்தது. இங்கேயும் ஒவ்வொரு குடிநீர்க் கிணற்றையும் மழைக்கு முன்னும் பின்னும் சோதித்து, முடிவை அந்தக் கிணற்றடியிலேயே நிறத்தால் குறித்துவைக்க வேண்டும். சிவப்பு விழும் கிணற்றை நம்பியிருக்கும் வீடுகளுக்கும் வயல்களுக்கும் அன்றைக்கே மாற்றுக் குடிநீர் போக வேண்டும், கட்டணமில்லாமல்.